டிப்போ ஆஸ்பத்திரி

"செருப்பைக் கழற்றிட்டு உள்ள வாடி!"

பெரிய சிஸ்டரின் குரல் வார்டின் கடைசிக் கட்டில் வரை கேட்டது. வாசலில் நின்ற தங்கை குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். முழங்கால் வரை சேறு ஏறிய பூட்ஸ். தலையில் மஞ்சள் ஹெல்மெட், தோளில் கயிற்றுச் சுருள், இடுப்பில் சுத்தியல். அப்போதுதான் துடைத்த தரையில் அவள் வைத்த காலடிகள் பளிச்சென்று பதிந்திருந்தன.

"கழற்ற நேரமில்ல அக்கா. நீதான் வெளிய வரணும்."

"ஊசி போட்டுட்டு இருக்கேன்."

"போட்டுட்டு வா. ஆனா வா."

அந்த ஆஸ்பத்திரியின் பின்கட்டு முழுவதும் பெரிய சிஸ்டரின் பொறுப்பு. பிரசவ வார்டு, பொது வார்டு, எலும்பு முறிந்தவர்களின் வார்டு எல்லாம் அங்கேதான். டாக்டர்கள் உட்பட யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தங்கையையும் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாவாடை கட்டிய வயதிலேயே மடி நிறையக் கூழாங்கற்களோடு வீடு திரும்புவாள் என்பதால் 'கல்லு' என்று ஆகிவிட்டது. வளர்ந்து நிலவியல் படித்து அரசாங்கத் துறையில் வேலைக்குச் சேர்ந்தபோது, "கடைசியில கல்லு பொறுக்கறதுக்கே சம்பளம் வாங்கிட்டியே" என்று அக்கா கேலி செய்தாள். அந்தக் கேலி பல வருடங்கள் ஓடியது.

நிலநடுக்கம் வந்த பிறகுதான் அது நின்றது. கீழே கடைத்தெரு பாதி இடிந்துபோனது. ஆனால் மலையடிவாரத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கீறல்கூட இல்லை. கட்டடத்தைச் சோதித்த பொறியாளர்கள் தட்டிப் பார்த்துவிட்டு, "ஜம்முனு நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடிபட்டவர்கள் வந்து குவிந்தார்கள். தாழ்வாரத்தில்கூடக் கட்டில் போட வேண்டியிருந்தது. பெரிய சிஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

கல்லு அக்காவைச் சமையல்கட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பாறை இடுக்கிலிருந்து ஓர் ஊற்று எப்போதும் கண்ணாடி மாதிரி ஓடும். இப்போது அது டீ நிறத்தில் கலங்கி வழிந்தது. மலை சரியாமல் இருக்கக் கட்டிய தடுப்புச் சுவர், நடுவில் வயிறு தள்ளி நின்றது.

"இதைக் காட்டவா கூப்பிட்ட?"

"இல்ல. மேல ஏறணும்."

"இந்த மூட்டு வலியோடயா?"

"கையைப் பிடிச்சுக்கோ."

திட்டிக்கொண்டே ஏறினாள் பெரிய சிஸ்டர். பாதி வழியில் மரங்கள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அதற்கும் மேலே, புல் மூடிய சரிவில், கல்லு நின்று கையைக் காட்டினாள்.

மலை பிளந்திருந்தது. பிறைபோல் வளைந்த ஒரு பிளவு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போயிற்று. குனிந்து கையை விட்டால் தோள் வரை உள்ளே போகும். தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற இரும்புக் குழாய் நடுவில் இழுபட்டுக் கழன்று, இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. பிளவின் இருபுறமும் கல்லு முளைக்கட்டை அடித்து நடுவே கம்பி கட்டியிருந்தாள். நேற்று தொய்வாகக் கட்டிய கம்பி இன்று வீணைத் தந்திபோல் விறைத்து நின்றது.

"நிலநடுக்கம் இந்த மலையை உள்ளுக்குள்ள உலுக்கிட்டுப் போயிருக்கு அக்கா. வெளிய பார்த்தா தெரியாது. இந்தப் பிளவுக்குக் கீழ இருக்கறது எல்லாம் இப்ப மலையோட ஒட்டல. சும்மா சாஞ்சுக்கிட்டு நிக்குது."

பெரிய சிஸ்டர் கீழே பார்த்தாள். நேர் கீழே, ஒரு கல்லைத் தவற விட்டால் போய் விழுகிற இடத்தில், பிரசவ வார்டின் மொட்டைமாடி. காலையில் அவள் வெளுத்துப் போடச் சொன்ன படுக்கை விரிப்புகள் வரிசையாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று கட்டில் கட்டிலாக அவளுக்குத் தெரியும்.

"எப்ப விழும்?"

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லவா இவ்வளவு படிச்ச?"

"விழும்னு தெரியும். எப்பன்னு தெரியாது. நாளைக்கும் விழலாம். மழை வரைக்கும் நிக்கலாம். இன்னொரு ஆட்டம் வந்தா உடனேயும் வரலாம். எந்த ஊர் நிலவியல்காரி வந்தாலும் இதைத்தான் சொல்லுவா."

அக்கா அந்த விரிப்புகளை ஒருமுறை எண்ணினாள். பிறகு, "இறங்கு," என்றாள். "பெரிய டாக்டர் கிட்டப் போகலாம்."

பெரிய டாக்டர்தான் ஆஸ்பத்திரிக்குத் தலைவர். கெட்ட மனிதர் இல்லை. நிலநடுக்கத்தன்று தன் வீடு என்ன ஆனது என்றுகூடப் பார்க்காமல், இரண்டு பகல் ஓர் இரவு அறுவை செய்துகொண்டே நின்றவர். ஆனால் ஒரு முடிவெடுத்தால் மாற்ற மாட்டார். கல்லு சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"கட்டடம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்களே."

"கட்டடத்துக்கு ஒண்ணுமில்ல சார். அதுக்குப் பின்னாடி நிக்கறதுதான் பிரச்சினை."

"சரி, எங்க போகச் சொல்றீங்க? கூடாரத்துக்கா? எலும்பு உடைஞ்சவங்க, பச்சைக் குழந்தைங்க, நிமோனியா கேஸ். தூக்கிட்டுப் போற வழியிலயே நாலு பேர் போயிடுவாங்க. அது நிச்சயம். மலை விழறது உங்களுக்கே நிச்சயமில்ல."

"விழறது நிச்சயம் சார். நாள்தான்..."

"நாள் தெரிஞ்சதும் வாங்க," என்று எழுந்துவிட்டார்.

அறையை விட்டு வெளியே வந்ததும் கல்லுவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய சிஸ்டர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்ப உள்ளே போனாள்.

"சார், முன்கட்டு மலையை விட்டுத் தள்ளி இருக்கு. ஆபரேஷன் தியேட்டரை நீங்க வச்சுக்கோங்க. பின்கட்டு என் பொறுப்பு. நான் காலி பண்றேன்."

"நான் அனுமதி தரலையே."

"கேட்கவும் இல்லையே சார். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

ஆற்றுக்கு அந்தப்பக்கம், சமதரையில், பஸ் டிப்போ இருந்தது. தகரக் கூரை போட்ட பெரிய பட்டறை. மேலே விழுந்து நசுக்க அங்கே கனமாக எதுவும் கிடையாது. பட்டறையை நடத்துகிறவருக்கு 'ஹாரன்' என்று பட்டப்பெயர். அவர் ரகசியம் பேசினாலே தெருக்கோடிக்குக் கேட்கும். பெரிய சிஸ்டர் போய் விஷயத்தைச் சொன்னதும், தலையைச் சொறிந்துகொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"கிரீஸ் நாத்தம் அடிக்குமேம்மா."

"சோப்புத் தண்ணி இருக்கா?"

"பீப்பாய் பீப்பாயா இருக்கு."

"அப்புறம் என்ன யோசனை?"

மெக்கானிக்குகள் பேன்ட்டை மடித்துக்கொண்டு தரையைத் தேய்த்தார்கள். பஸ்ஸுக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளங்களை இரும்புத் தகடு போட்டு மூடினார்கள். காற்றுக்குத் தடுப்பாகப் பஸ்களைப் பக்கத்துக்குப் பக்கம் நெருக்கி நிறுத்தினார்கள். இரண்டு பஸ்களில் இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு மெத்தை போட்டார்கள். ஒன்று பிரசவ அறை, இன்னொன்று பச்சைக் குழந்தைகளுக்கு. சக்கரம் வைத்த கட்டில்கள் பாலத்தைத் தாண்டி ஊர்வலம்போல் வந்தன. வலி எடுத்த ஒரு பெண் பாலத்தின் நடுவில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா தள்ளுங்கடா பாவிகளா!" என்று கத்தினாள். அன்று மாலை பஸ்ஸுக்குள் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை தூங்கும்போது ஹாரன் சைகையிலேயே பேசினார். அவர் ஆட்களுக்கு அது பெரிய வேடிக்கையாகப் போயிற்று.

பிறகு காத்திருப்பு ஆரம்பித்தது.

மலை விழவில்லை. மழையும் வரவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. கல்லு தினமும் மலையேறிக் கம்பியைப் பார்த்துவிட்டு வந்தாள். சில நாள் பிளவு அகன்றிருக்கும், கம்பியைத் தளர்த்திக் கட்டுவாள்; சில நாள் அப்படியே இருக்கும். கடைத்தெருவில் அவளைக் கண்டால், "என்னம்மா, மலை எத்தனை மணிக்கு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். டிப்போவில் பகலெல்லாம் தகரம் கொதித்தது, விடியற்காலையில் பனி இறங்கியது. குழந்தைகளைப் போர்வைமேல் போர்வையாகச் சுற்றி வைத்தார்கள்.

அப்படி ஒரு விடியற்காலையில்தான் தச்சர் ஒருவர் இறந்துபோனார். இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தவர். மார்புச் சளி முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய சிஸ்டர் அவர் கண்களை மூடிவிட்டு, மகளிடம் தானே போய்ச் சொன்னாள்.

மகள் அழவில்லை. மலையைத் திரும்பிப் பார்த்தாள். வெயில் பட்டுப் பச்சையாக, அழகாக நின்றது.

"மலை விழலையே சிஸ்டர்," என்றாள். "எங்கப்பாதானே விழுந்தாரு."

பெரிய சிஸ்டர் தச்சரின் கட்டில் விரிப்பை உருவி மடித்தாள். அன்று முழுவதும் ஓயாமல் வேலை செய்தாள். சாயங்காலம் கல்லு வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் வெடித்தாள்.

"விழுந்து தொலைக்க வேண்டியதுதானே அது? எதுக்குடி இன்னும் நிக்குது?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கல்லு அவள் கையைப் பிடித்தாள்.

"நானும் அப்படித்தான் நினைக்கிறேன் அக்கா. தினமும் மேல ஏறும்போது, இன்னிக்காவது கம்பி அறுந்திருக்கணும்னு. அப்புறம் என் மேலேயே அருவருப்பா இருக்கும்."

"தப்பா பண்ணிட்டோமா?"

"அளவு தப்பில்ல. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

மறுநாள் பெரிய டாக்டர் இரண்டு லாரிகளோடு டிப்போ வாசலுக்கு வந்தார். தச்சர் இறந்த செய்தி அவரைக் கலக்கியிருந்தது. குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"போதும் சிஸ்டர். நான் சொன்னதுதான் நடந்தது. எல்லாரையும் திரும்பக் கொண்டு போகப் போறேன்."

நோயாளிகளின் உறவினர்கள் சிலர் மூட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். பெரிய சிஸ்டர் டிப்போவின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, அதற்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"தச்சர் செத்தது என் கணக்குல சார். அதை நான் சாகற வரைக்கும் சுமப்பேன். அதுக்காக மத்தவங்களை அந்த மலைக்கு அடியில கொண்டுபோய்ப் படுக்க வைக்க மாட்டேன்."

"பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேணும்."

"உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தா நீங்க போய் அங்க உட்காருங்க. பின்கட்டு காலியாத்தானே கிடக்கு. நீங்க உட்கார்ந்து காட்டுங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா அனுப்பறேன்."

சொன்ன வேகத்தில் வாயில் வந்துவிட்டது. பெரிய டாக்டர் அவளை உற்றுப் பார்த்தார். "சரி," என்றார். லாரிகளைத் திருப்பி அனுப்பினார். அன்று மத்தியானமே தன் மேஜை, நாற்காலி, அலமாரி எல்லாவற்றையும் பிரசவ வார்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டார்.

"சொன்னா செஞ்சிடற மனுஷனாச்சே, அவர்கிட்டப் போய் இப்படியா சொல்லுவே?" என்று கல்லு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

டாக்டரும் சிஸ்டரும் பிடிவாதத்திலிருந்து இறங்கி வரவில்லை. பாலத்துக்கு இந்தப்பக்கம் பெரிய சிஸ்டர் டிப்போவை நடத்தினாள். அந்தப்பக்கம் பெரிய டாக்டர், அறுவை இல்லாத நேரமெல்லாம், காலியான வார்டில் தன்னந்தனியாக உட்கார்ந்து வேலை பார்த்தார். யாரையும் கூட உட்காரச் சொல்லவில்லை. டீ கொண்டுவருகிற ஆளைக்கூட வாசலோடு அனுப்பிவிட்டார்.

ஒரு நாள் முற்பகல், மேகமே இல்லாத வானம், டிப்போவின் தகரக் கூரை கடகடவென்று ஆடியது. பின்னதிர்வு. பெரிதில்லை. அதற்குப் பழகிப்போன குழந்தைகள் விழிக்கக்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் பெரிய சிஸ்டரின் போன் அடித்தது. மறுமுனையில் கல்லு மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தாள்.

"கம்பி அறுந்துடுச்சு அக்கா! கண்ணு முன்னாடியே பிளவு அகலுது. நான் பக்கத்து மேட்டுக்கு ஓடிட்டிருக்கேன். முன்கட்டுல எல்லாரையும் ரோட்டுக்கு வரச் சொல்லிட்டேன். பெரிய டாக்டர் போனை எடுக்கல!"

பெரிய சிஸ்டர் போனைக் கீழே போட்டாள். "வண்டியை எடுங்க!" என்றாள் ஹாரனிடம். பட்டறையில் அப்போது ஓடுகிற நிலையில் இருந்தது, ஒரு பக்கம் பெயின்ட் அடித்து மறுபக்கம் அடிக்காத பஸ் ஒன்றுதான். அது பாலத்தின் மேல் பறந்தது. வழியெல்லாம் ஹாரன் கையை ஹாரனிலிருந்து எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிராகப் பெரிய சிஸ்டர் உள்ளே ஓடினாள். மூட்டு வலி அன்றைக்கு எங்கே போயிற்றோ.

பெரிய டாக்டர் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். தடுப்புச் சுவரின் கற்கள் ஒவ்வொன்றாகப் பட் பட்டென்று தெறிப்பதைப் பார்த்தபடி, கால் நகராமல் நின்றார்.

"சார்! வாங்க!"

"இந்தச் சுவர்..." என்றார் அவர்.

"சுவர் போகட்டும் சார்!"

அவர் நகரவில்லை. பெரிய சிஸ்டர் அவர் கோட்டுக் காலரைக் கொத்தாகப் பிடித்து, அடம் பிடிக்கிற பிள்ளையை இழுப்பதுபோல் இழுத்தாள். தாழ்வாரத்தில் ஓடும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. முதலில் கூடையிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல். பிறகு அது சத்தமாக இல்லை, காலடியில் ஓர் உறுமலாக இருந்தது. முன்கட்டைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ரோட்டில் நின்ற பஸ்ஸில் மோதிக்கொண்டு நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

மரங்கள் நின்றபடியே இறங்கி வந்தன. ஒரு சரிவு முழுவதும், புல்லோடும் பாதையோடும், ஆள் நடப்பதுபோல் நிதானமாக நடந்து வந்து, பிறகு திடீரென்று அவசரப்பட்டது. பின்கட்டு ஒரு கணம் எதிர்த்து நின்றதுபோல் இருந்தது. அடுத்த கணம் அங்கே புழுதிதான் இருந்தது.

புழுதி அடங்கப் பாதி நாள் ஆனது. யாருக்கும் ஒன்றுமில்லை. பக்கத்து மேட்டிலிருந்து கல்லு தலையிலிருந்து கால் வரை செம்மண் பூசி இறங்கி வந்தாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அங்க என்னடி உனக்கு வேலை?" என்றாள். பிறகு இருவரும் அழுதார்கள்.

பெரிய டாக்டர் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தார். பெரிய சிஸ்டர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்துவிட்டு, "நாள் தெரிஞ்சதும் வாங்கன்னு சொன்னேனே," என்றார்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். முடிய விடவில்லை மேலிடம். தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். டிப்போவிலேயே கூட்டம் போட்டார்கள். இடிபாட்டை அள்ளிவிட்டு அதே இடத்தில் பின்கட்டைத் திரும்பக் கட்டப்போவதாகச் சொன்னார். "விழ வேண்டியது விழுந்துடுச்சு. இனிமே பயமில்ல" என்றார் சிரித்துக்கொண்டே.

கல்லு எழுந்தாள். "விழுந்தது கால்வாசிதான் சார். மேல இன்னும் பிளவு இருக்கு. கீழ குவிஞ்சு கிடக்கற மண்ணு மழை பெஞ்சா குழம்பாகி ஓடும். இவ்வளவு பெரிய நிலநடுக்கத்துக்கு அப்புறம் இந்த மலை அடங்கப் பல வருஷம் ஆகும்."

"எப்ப ஓடும்னு சொல்ல முடியுமா?" என்றார் அதிகாரி.

"முடியாது," என்று பதில் சொன்னது பெரிய டாக்டர். எழுந்து நின்றிருந்தார். "நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். இந்தம்மா என் காலரைப் பிடிச்சு இழுக்காம இருந்தா, அங்கிருந்து என்னைத் தோண்டித்தான் எடுத்திருப்பீங்க. அங்க கட்டினா நான் வேலை செய்ய மாட்டேன்."

பின்வரிசையிலிருந்து தச்சரின் மகள் பேசினாள். அவள் வந்திருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. "இந்த சிஸ்டரை நான் இன்னும் மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியல. ஆனா அந்த மலைக்கு அடியில யாரையும் படுக்க வைக்க விட மாட்டேன்."

பெரிய சிஸ்டர் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

அதிகாரி கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் மண்ணள்ளும் இயந்திரங்கள் ரோட்டில் வரிசையாக வந்தன. பாலத்தின் மேல் ஹாரனின் பஸ்கள் குறுக்கே நின்றன. "எல்லாம் ரிப்பேர் சார், ஒண்ணும் நகராது!" என்று அவர் கத்தியது மலைக்குக் கேட்டிருக்கும். பஸ்களுக்கு முன்னால் நர்ஸுகள், மெக்கானிக்குகள், பஸ்ஸில் பிறந்த குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பெண். நடுவில் நாற்காலி போட்டுப் பெரிய சிஸ்டர். வெயிலுக்குக் குடை பிடித்தபடி கல்லு. போலீஸ் வந்தது. "எழுந்திரிங்கம்மா" என்றது. "மூட்டு வலி, எழுந்திரிக்க முடியாது," என்றாள் பெரிய சிஸ்டர்.

மழைக்காலம் வரை அப்படியே இழுத்தார்கள். முதல் பெருமழையில் மண் குழம்பாகி இறங்கி, கட்டுவதாகச் சொன்ன இடத்தை மூடி, முன்கட்டின் படிக்கட்டு வரை வந்து நின்றது. அதன்பிறகு அதிகாரி வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்தவர் டிப்போவுக்குப் பின்னால் இருந்த மைதானத்தை ஒதுக்கிக் கொடுத்தார்.

அஸ்திவாரம் தோண்ட ஆட்கள் வந்த காலையில், பெரிய சிஸ்டர் மைதானத்தின் நடுவில் நின்று நான்கு பக்கமும் பார்த்தாள்.

"இங்க ஒண்ணும் விழாதே?"

"விழறதுக்கு இங்க மலை எங்க அக்கா இருக்கு?"

"அந்த ஆறு?"

கல்லு கொஞ்சம் தயங்கினாள். "ஆறு வேற விஷயம். மேல எங்கேயாவது மண்ணு சரிஞ்சு ஆத்தை அடைச்சுக்கிட்டா, தண்ணி தேங்கி, அப்புறம் ஒரேயடியா உடைச்சுக்கிட்டு..."

பெரிய சிஸ்டர் கையைத் தூக்கினாள். கடப்பாரையை ஓங்கிய ஆள் அப்படியே நின்றான்.

"நிறுத்துப்பா. டீ குடிச்சிட்டு வா," என்றாள். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல்மேட்டில் வசதியாக உட்கார்ந்தாள். "நீ முதல்ல அந்த விஷயத்தைச் சொல்லு. எனக்குப் புரியற வரைக்கும் சொல்லு."